‘டெலிவரி ஆயிட்டா?’

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர்க் கடைத்தெருவில் ஒருவர் செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு “டெலிவரி ஆயிட்டா?” என்று கேட்டால், அது எதைப் பற்றிய கேள்வி என்று பக்கத்தில் நிற்பவருக்கு உடனே பிடிபடாது. ஆன்லைனில் வாங்கிய செருப்பைப் பற்றியும் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் தங்கையைப் பற்றியும் இருக்கலாம். பதில் வரும்போது கேட்டவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் வீட்டில் இந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். “டெலிவரி இருக்கும்மா, வீட்ல ஆள் இருக்கீங்களா?” என்று ஒரு பையன் போனில் கேட்பான். போனை எடுத்த பாட்டிக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். “தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்குல்லா?” என்பாள். மறுமுனையில் நிற்கும் பையனுக்கு ஒன்றும் விளங்காது. கடைசியில் வாசலுக்கு வந்து சேர்வது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கிய கொசுவலை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். தபால்காரர் கடிதத்தைக் கொடுப்பதும் அதுதான், நீதிபதி தீர்ப்பு வழங்குவதும் அதுதான். பேச்சாளர் உரையாற்றுவது, பந்துவீச்சாளர் பந்தை வீசுவது, குத்துச்சண்டைக்காரர் குத்து விடுவது, அரசியல்வாதி கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, தாய் பிள்ளை பெறுவது, கடவுள் பக்தனைத் தீங்கிலிருந்து விடுவிப்பது எல்லாமே அந்த ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கும். இவற்றில் பாதி நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஷோரூமில் புது பைக் ‘டெலிவரி’ எடுக்கிறோம். லாரி சர்வீஸில் ‘டோர் டெலிவரி’ உண்டா என்று கேட்கிறோம். நடிகரின் ‘டயலாக் டெலிவரி’யைப் பாராட்டுகிறோம். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் ‘டெலிவரி மேனேஜர்’ ஆகிவிட்ட பேரன், அது என்ன வேலை என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு செய்தியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தமிழன் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டது பெயர்ச்சொல்லை மட்டும்தான். வினையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். பொருளை டெலிவரி ‘கொடுப்பார்கள்’. வண்டியை டெலிவரி ‘எடுப்பார்கள்’. நர்ஸம்மா டெலிவரி ‘பார்ப்பார்’. கர்ப்பிணிக்கு டெலிவரி ‘ஆகும்’. ஒரு சொல்லின் பல பொருள்களை நான்கு தமிழ் வினைகள் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. ‘டெலிவரி பார்த்தாங்க’ என்றால் அது கூரியர் விஷயம் இல்லை என்பது கடையநல்லூர்ச் சிறுவனுக்கும் தெரியும். அந்தப் ‘பார்’ மருத்துவச்சி காலத்திலிருந்து வருவது. ‘பிரசவம் பார்த்தல்’ என்ற பழைய வழக்கில் பிரசவம் இருந்த இடத்தில் டெலிவரி உட்கார்ந்துகொண்டது, பார்த்தல் அப்படியே இருக்கிறது. குழப்பம் வருவதெல்லாம் ‘ஆகு’ என்ற வினையில்தான். குழந்தைக்கும் ‘ஆயிட்டு’, கொசுவலைக்கும் ‘ஆயிட்டு’.

இப்படிக் கடன் வாங்குவதில் தவறில்லை. பிரசவமே வடமொழியிலிருந்து வந்த சொல்தான். தபால் பட்டுவாடா, சம்பளப் பட்டுவாடா என்கிறோமே, அந்தப் பட்டுவாடாவும் வடக்கேயிருந்து வந்து குடியேறியதுதான். வந்த சொல் இங்கே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்ததா, இருந்த ஒன்றை வெளியே தள்ளியதா என்பதே பார்க்க வேண்டியது. பார்சலில் டெலிவரி கொண்டுவந்தது. பேற்றில் அது தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால் இது தெளிவாகும். ‘விடுவித்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. லிபர்ட்டிக்கும் டெலிவரிக்கும் ஒரே தாய். கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் ஜெபத்தில் தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் இடத்தில் ஆங்கிலம் இந்த வினையைத்தான் வைத்திருக்கிறது. தமிழில் புராட்டஸ்டண்டு வேதாகமம் அதை ‘இரட்சி’ என்றது, கத்தோலிக்கர் ‘விடுவி’ என்கிறார்கள். இங்கிலாந்தில் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய்ச் சிறையில் கிடப்பவர்களின் வழக்குகளை எல்லாம் விசாரித்துத் தீர்த்துச் சிறையைக் காலியாக்குவதற்கும் ஒரு காலத்தில் ‘சிறை டெலிவரி’ என்றே பெயர். அப்படித்தான் பிள்ளைப்பேற்றுக்கும் அது வந்தது. தாய் சுமையிலிருந்து, வலியிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். பழைய ஆங்கிலப் பேச்சில் விடுபடுகிறவள் அவள். பிறகு பேச்சு மாறிற்று. இப்போது குழந்தையை டெலிவர் செய்கிறவர் டாக்டர். தாய் வாக்கியத்தின் ஓரத்துக்குப் போய்விட்டாள்.

தமிழ் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. பேறு, பிள்ளைப்பேறு, மகப்பேறு, பேறுகாலம் எல்லாவற்றுக்கும் வேர் ‘பெறு’. பெறுதல் என்றால் கிடைத்தல், அடைதல். ஆங்கிலக்காரிக்கு அது ஒன்றிலிருந்து விடுபடுவது. தமிழச்சிக்கு அது ஒன்றைப் பெறுவது. பதினாறு பேறும் பெற்று வாழ்க என்று மணமக்களை வாழ்த்தும்போது வருகிற அதே பேறுதான் பேறுகாலத்திலும் இருக்கிறது. தாய் தந்தைக்குப் பெற்றோர் என்று பெயர் வைத்ததும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்; கொடுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லவில்லை, பெற்றவர்கள் என்றது. ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று ஒரு தாய் கதறும்போது அந்த முதல் சொல்லை எடுத்துவிட்டு டெலிவரியை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிற்காது.

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் ‘பேறுகாலம்’ இன்னும் பேச்சில் இருக்கிறது. ‘மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா’ என்று சொல்லும் பெண்கள் எல்லா மதத்திலும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாயில் அது இயல்பாக வருகிறது. அவர்களுடைய மருமகள்கள் ‘டெலிவரி டேட்’ என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள், அதனால் வீட்டிலும் அப்படியே வருகிறது. ஒரு சொல் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் மகப்பேறு மருத்துவரின் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலி வரிசையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மாமியார் ‘பேறுகாலம்’ என்று தொடங்குவார். உள்ளே போய் வந்ததும் அவரே ‘டெலிவரி’ என்பார்.

அந்த அறைக்குள் இன்னொரு சொல்லும் தொலைந்துகொண்டிருக்கிறது: சுகப்பிரசவம். எவ்வளவு நல்ல சொல்! தாயும் சுகம், பிள்ளையும் சுகம், நடந்ததும் சுகமாக நடந்தது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இப்போது அந்த இடத்தில் ‘நார்மல் டெலிவரி’. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும், 99.6 சதவீதம், மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்று அது சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய எண். வீட்டுத் திண்ணையறையில் தாயும் சேயும் செத்த கதை இல்லாத குடும்பம் ஒரு காலத்தில் இங்கே அபூர்வம். அதே ஆய்வுதான் தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன என்றும் சொல்கிறது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். இந்திய அளவில் எல்லாப் பிறப்புகளையும் சேர்த்தால் சிசேரியன் 21.5 சதவீதம்தான். தனியார் மருத்துவமனையில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகமாக நடப்பதை ‘நார்மல்’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்கள் அதைச் சொல்லும் விதத்தைக் கேட்க வேண்டும். “ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க” என்பார்கள். பெத்தேன் என்று வராது. எடுத்தாங்க என்றுதான் வரும். செய்தது டாக்டர், எடுத்தது டாக்டர் என்று அவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். பத்து மாதம் சுமந்தவள், வயிற்றில் தையலோடு எழுந்து உட்கார்ந்து பால் கொடுப்பவள், தான் பெற்றதாகச் சொல்லக் கூசுகிறாள். ஆபரேஷன் தேவைப்பட்ட இடத்தில் அது இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் பேச்சே இல்லை. ஆனால் அறுவை செய்து பிறந்தாலும் பெற்றவள் அவள்தான். பேறு என்ற சொல் அதை மறுக்கவில்லை. டெலிவரி என்ற சொல்தான் அதை அனுப்பியவர், எடுத்துக் கொடுத்தவர், வாங்கிக்கொண்டவர் என்று பார்சல் கணக்காக்கிவிடுகிறது.

கடையநல்லூருக்குக் கடிதமும் பேறுகாலமும் வேறு வேறு கதை இல்லை. நெசவு ஊர் இது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலிருந்து இந்த ஊர் முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் போய்வந்த காலத்தில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பெண்களோடும் போயின. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்து அங்கே ஒரு சமூகமாக நின்றார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம், 1946-இல், அது உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னால் வளைகுடா வந்தது. கணவன் துபாயிலோ ரியாத்திலோ இருக்க, மனைவி இங்கே பிள்ளை பெற்ற வீடுகள் எத்தனையோ. அந்தச் செய்தி கடிதத்தில் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வருவதற்குள் பிள்ளைக்குத் தலை நிற்க ஆரம்பித்திருக்கும்.

அந்தக் கடிதங்களின் தமிழைக் கவனிக்க வேண்டும். ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்’, ‘அனுப்பிய பணம் கைசேர்ந்தது’ என்றே அவை தொடங்கும். இங்கேயும் ஒரு ‘பெறு’, ஒரு ‘சேர்’. அனுப்பியவன் அனுப்பிவிட்டான் என்பதோடு காரியம் முடியவில்லை. கைக்கு வந்து சேர்ந்தால்தான் முடிந்தது. இன்று செயலியில் ‘டெலிவர்டு’ என்று பச்சை எழுத்து வந்துவிடும், பொருள் பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும். ‘கைசேர்ந்தது’ என்று அதைச் சொல்ல முடியாது. கை என்று ஒன்று அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பொருளைக் கொடுத்துக் காசு வாங்குவதும் செயலிகள் கண்டுபிடித்ததல்ல. இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையை 1877-இலேயே கொண்டுவந்துவிட்டது. புத்தகமும் மருந்தும் பஞ்சாங்கமும் தபால்காரர் கையில் வரும், காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கேஷ் ஆன் டெலிவரிக்கு அதுதான் பாட்டன். மூன்று வருடம் கழித்து, 1880-இல், மணியார்டர் வந்தது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15-இல் அறிமுகமானது. கடையநல்லூருக்கு 627751. திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் உருவான பிறகும் அந்த 627 மாறவில்லை. ஊரின் பழைய முகவரி அந்த மூன்று இலக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததற்கு வாழ்த்துத் தந்தி அடிக்க எண் போட்ட வாசகங்கள் இருந்தன, எண்ணைச் சொன்னால் போதும். தந்தி 2013 ஜூலையோடு நின்றது.

தபாலுக்கு இருந்த ‘பட்டுவாடா’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதிதான் வருத்தமானது. வீடு வீடாக, கை கையாகக் கொடுப்பதைக் குறித்த நேர்மையான சொல் அது. தபால்காரரும் சம்பளக் குமாஸ்தாவும் செய்த வேலை. இன்று பத்திரிகையில் பட்டுவாடா என்று கண்ணில் பட்டால் அதற்கு முன்னால் ‘பணப்’ என்று இருக்கும். 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்த பிறகு அந்த ஊரின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் பெயராயிற்று. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் தள்ளிப்போயின. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. எல்லாவற்றுக்கும் காரணம் பணம். தேர்தலில் ஜெயித்த தலைவர் வாக்கைக் காப்பாற்றினாரா என்று ஆங்கிலப் பத்திரிகை கேட்கும்போது ‘டெலிவர்’ செய்தாரா என்று கேட்கும். தமிழில் கொடுத்த சொல்லை விட்டுவிட்டு அதைக் கேட்கவே முடியாது. சொன்னதைச் செய்தாரா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா என்று எதைச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை நாம் தமிழிலேயே கேட்பது நல்லது.

கிரிக்கெட்டில் பெரிய சண்டை இல்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வானொலி வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பந்து பந்துதான். நீதிமன்றத்தில் மட்டும் சற்று நின்று பார்க்கலாம். சொத்து வழக்கில் ஜெயித்தவருக்கு இடத்தை ஒப்படைப்பதற்கும் சட்டத்தில் டெலிவரி என்றுதான் பெயர். ஆமீன் போய்ச் சுவாதீனம் எடுத்துக் கொடுப்பார். வாடகைக்காரர் இருக்கும் இடமென்றால் நீதிமன்ற உத்தரவை வாசலில் ஒட்டி, மேளம் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ ஊரறியச் சொல்ல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளையில் இன்றும் இருக்கிறது. ‘சுவாதீனம்’ என்ற சொல் கிராமத்து விவசாயிக்கும் புரியும். ஊர்ப் பேச்சில் அந்த இடத்துக்குள் டெலிவரியால் நுழைய முடியவில்லை.

புதிதாகப் பெயர் வைக்கும்போது தமிழ் எப்படி யோசிக்கும் என்பதற்கு அரசுத் திட்டங்களே சாட்சி. நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு ‘மருந்து டெலிவரி’ என்று பெயர் வைக்கவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றார்கள். அதே வருடம் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. அந்தத் ‘தேடி’யில் ஒரு மரியாதை இருக்கிறது. வாசலில் வீசிவிட்டுப் போகிறவன் தேடி வந்தவன் ஆகமாட்டான்.

2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய திட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது. ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர்களுக்கு, தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், அரிசி பருப்பை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. அப்போது பயனாளிகள் 21 லட்சத்துக்கு மேல். அதன் பெயர் தாயுமானவர் திட்டம். திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சாமியின் பெயர் அது. காவிரியில் வெள்ளம் வந்து, மகளின் பேறுகாலத்துக்குக் கிளம்பிய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டபோது, சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி இன்றைக்கும் கர்ப்பிணிகள் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். பேறுகாலத்துக்கு வந்து நின்ற தெய்வத்தின் பெயரை வாசலுக்கு வரும் அரிசிக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையைப் போட்டு முடிச்சிட்டது. தமிழ் அதே முடிச்சைத் தாய்மையில் போட்டது. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, பெயர் பொருந்திவிட்டது.

சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழ் ‘உணவு விநியோகம்’ என்று எழுதுகிறது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் இங்கே மின்சாரமும் குடிநீரும் விநியோகமாகி, ஒரு மொத்தத்துக்கான சொல்லாக அது நின்றுவிட்டது. ஒரு பொட்டலம் பிரியாணிக்கு அது பெரிய சட்டை. கடையநல்லூர் வெயிலில் முதுகில் பை சுமந்து பைக்கில் சுற்றுகிற இளைஞனை ‘டெலிவரி தம்பி’ என்று பெண்கள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தம்பியோடு சேர்ந்து டெலிவரியும் தமிழாகிவிட்டது. அதை யாரும் துரத்த வேண்டாம். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் போதும்.

துரத்த வேண்டியது மகப்பேறு வார்டிலிருந்துதான். அதுவும் கஷ்டமான காரியமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் உதவிக்கு ‘மகப்பேறு நிதியுதவி’ என்றுதான் பெயர். அரசு மருத்துவமனைப் பலகைகளில் ‘மகப்பேறு’ என்றுதான் எழுதியிருக்கிறது. சொல் சுவரில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. சீட்டில் ‘பேறுகாலத் தேதி’ என்று அச்சடிக்க ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவாகாது. மருத்துவர்களும் செவிலியர்களும் தாயிடம் பேசும்போது ஒருமுறை ‘சுகப்பிரசவம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் பெண்ணிடம் ‘எடுத்தாச்சும்மா’ என்பதற்குப் பதிலாக, ‘பொம்பளப்பிள்ளை பெத்திருக்கம்மா’ என்று சொல்லுங்கள்.